புதுச் சாமையும் நாரத்தை ஸ்கோனும்

“சூப்பரா இருக்கும்மா” என்றார் மேடம். பாதி ஸ்கோன் அவர் வாயில், மீதி கையில். “ஆனா இது உங்க சாப்பாடு இல்லையே.”

தை பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தேன். கீழே டவுனில் பாரம்பரிய உணவுத் திருவிழா நடத்தப் போகிறார்களாம். அதில் மலையிலிருந்து ஒரு கடை போட ஆள் தேடி மேடம் வந்திருந்தார். எங்கள் மகளிர் குழுவில் “அலமேலு வூட்டுக்குப் போங்க, அதுதான் விதவிதமா செய்யும்” என்று கைகாட்டி விட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரே விதம்தான், ஆனால் தட்டு நிறைய இருந்தது. நாரத்தைத் தோலைத் துருவிப் போட்டு, காட்டுத் துளசியைக் கிள்ளிப் போட்டுச் சுட்ட ஸ்கோன், பன் மாதிரி உப்பி வருகிற ரொட்டி. ஓவனை விட்டு எடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிட்டால் ஆவி வந்தது, ஆவியோடு நாரத்தை வாசனையும் வந்தது.

“பின்ன யார் சாப்பாடு மேடம்?”

“இங்கிலீஷ்காரங்க அயிட்டம்மா இது. நீங்க சாமைக் களி போடுங்க, தேன் வைங்க, தெனை உருண்டை வைங்க. மலை ஜனங்கன்னா பப்ளிக் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க.”

எனக்கு மூக்கின் மேல் கோபம். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

“காலைல இன்னா சாப்ட்டு வந்தீங்க மேடம்?”

“நூடுல்ஸ்” என்றார் யோசிக்காமல்.

“அது உங்க தாத்தா காலத்துலர்ந்து உங்க வூட்ல செய்றதுங்களா?”

சிரித்துவிட்டார். நல்ல பெண்தான். என் மகன் வயதுதான் இருக்கும். ஆனால் சிரிப்போடு விடவில்லை. “இதுல மைதா இருக்கும்மா. முழுக்க உங்க சாமையில செஞ்சு காட்டுங்க, நான் பெரியவங்ககிட்ட பேசிப் பாக்குறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன்.”

போகும்போது இன்னும் இரண்டைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் சாப்பாடு இல்லாத சாப்பாடு ஜீப்பில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடை கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் போகட்டும். என் வீட்டில், என் கையால், இத்தனை வருஷமாகச் செய்கிற ஒன்றை ‘உன்னுடையது இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதை அவர் வாயாலேயே மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

மேகம் வந்தால் ஸ்கோன்

அது எப்படி என்னுடையது ஆயிற்று என்று சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் காவலூரில், நட்சத்திரம் பார்க்கும் கூடத்தை ஒட்டியிருந்த விருந்தினர் விடுதியில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நடை. வானத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள், இட்லி தின்பார்கள், போவார்கள்.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்து மாட்டிக்கொண்டார். வானம் திறக்கவே இல்லை. நாள் முழுக்க மேகம். அவருக்கு வேலை இல்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையலறைக்கு வந்து நின்று மாவைக் காட்டினார், வெண்ணெயைக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனால் பசி வரும் நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மாவும் வெண்ணெயும் பிசிறினபோது நன்றாகத்தான் போயிற்று. பால் ஊற்றியதும் நான் பிசைந்தேன் பாருங்கள், களி கிண்டிப் பழகிய கை! அந்த அம்மா “நோ, நோ” என்று கத்திக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. பிசையாத மாவும் ஒரு மாவா?

அன்றைய ஸ்கோனை விடுதி நாய்க்குப் போட்டேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு, வேலி ஓரம் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டது.

மறுநாள் மேகம், மறுநாளும் ஸ்கோன். விரல் நுனியால் மட்டும் தொட வேண்டும், புட்டுக்குப் பிசிறுகிற பதம், டம்ளரால் வெட்டும்போது திருகாமல் அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பதினைந்து நாள் இப்படி ஓடியது. பாவம், அந்த அம்மா ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்காமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போட்டது காய்ந்த திராட்சை. அவர் போன மறுவாரமே நான் அதை விட்டுவிட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கொல்லையில் நாரத்தை காய்த்துக் கொட்டிக் கிடந்தது. தோலின் மேல்பச்சையை மட்டும் துருவினால் மணம், உள்வெள்ளையைத் தொட்டால் கசப்பு. பாலுக்குப் பதில் புளித்த மோர் ஊற்றிப் பார்த்தேன், இன்னும் பூப்போல வந்தது. காட்டுத் துளசி போட்டதும் என் புத்திதான். முதல் தரம் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, “இருமலுக்கு நல்லதுதான், எனக்கு இருமல் இல்லியே” என்றார். அப்புறம் குறைத்தேன்.

அப்போது வீட்டில் ஓவன் ஏது? மண் சட்டியில் மணலைக் கொட்டி, மூடியின் மேல் தணல் போட்டுச் சுடுவேன். என் மகனுக்குப் பல் முளைத்த காலத்தில் ஸ்கோனின் ஓரத்தைத்தான் கடிக்கக் கொடுத்தேன். அவன் ஓசூரில் வேலைக்குப் போய், முதல் தீபாவளிக்கு வரும்போது ஒரு பழைய ஓவனை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். சட்டி பரணுக்குப் போயிற்று.

இது யார் சாப்பாடு, நீங்களே சொல்லுங்கள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு

மேடம் கேட்டது முழுச் சாமை. வீட்டில் சாமை தீர்ந்திருந்தது. போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் எல்லார் வீட்டிலும் மார்கழியோடு குதிர் காலி. ஆனால் புதுச் சாமை அடித்து, தூற்றி, மூட்டையில் இருந்தது.

அவிழ்த்தேன். உரலில் குத்திப் புடைத்து, மிக்சியில் அரைத்துச் சலித்தேன். எல்லாம் கோபத்தில். கை வேலை செய்தது, வாய் அந்த மேடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

சாமைக்குக் கோதுமை மாதிரி பிடிமானம் கிடையாது. முதல் ஈடு தட்டிலேயே உதிர்ந்து போனது. அப்போதுதான் களி நினைவுக்கு வந்தது. ஒரு கை சாமை மாவை வெந்நீரில் கிண்டி, ஆறவைத்து, மிச்ச மாவோடு வெண்ணெய் பிசிறிச் சேர்த்தேன். இழுத்துப் பிடித்துக்கொண்டது. எந்தக் கையை அந்த வெள்ளைக்கார அம்மா பிடித்து நிறுத்தினாரோ அந்தக் களிக் கைதான் இப்போது வழி காட்டிற்று. வெந்து வந்ததும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மணல் மணலாகக் கரைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முனியம்மா அக்கா வந்தார். ஊர்க் கவுண்டரின் மனைவி. எங்கள் ஊரில் நல்லது கெட்டது எல்லாம் கவுண்டர் சொல்கிறபடிதான். கவுண்டர் வீட்டில் அக்கா சொல்கிறபடி.

“இன்னாடி, வாசன ஊரத் தூக்குது?”

ஒன்றைக் கொடுத்தேன். தின்றார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதை அவரே எடுத்துக்கொண்டார். பாதி தின்றபோது, “சாம வாசன வருதே! எங்க வூட்லயே தீந்துபோச்சு, உனக்கு ஏது?” என்றார்.

“புதுசுதான்க்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் மலையில் புதுச் சாமையைக் காளியம்மனுக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு ஒரு பானை கோயிலில் வைத்துப் பொங்கி, அம்மனுக்குக் காட்டிய பிறகுதான் நாங்கள் தின்போம். குழந்தைகள்கூட களத்தில் ஒரு மணியைக் கொறிக்காது. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஒரு கோபத்தில் சுத்தமாக மறந்து போயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை கோயில் பொங்கல், நாலு நாள்தான் இருந்தது.

“நானும் சொல்லல, நீயும் சொல்லாத” என்று அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து அவர்கள் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல். அம்மன் கோபம்தான் என்று அக்கா பயந்துபோய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊர் கூடியது.

“களிக்கு எடுத்திருந்தாகூட மன்னிச்சுடலாம்” என்றார் கவுண்டர். “இங்கிலீஷ்காரன் ரொட்டிக்குப் புதுச் சாமைய எடுத்துக்கீறா. இந்த வருஷம் அவ வூட்டுப் பானைய கோயில்ல வெக்கக் கூடாது.”

இது சின்னத் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். பானை வரிசையில் உன் பானை இல்லை என்றால் இந்த ஊரில் உன் வீடு இல்லை. கல்யாணம், சாவு எதிலும் உன்னை ஒரு வீடாகச் சேர்க்க மாட்டார்கள்.

எனக்குப் பயம் வந்தது, பயத்தோடு கோபமும் வந்தது. மேடம் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். கீழே இருப்பவர்களுக்கு நான் மலைக்காரி, அதனால் ஸ்கோன் என்னுடையது இல்லை. மேலே இருப்பவர்களுக்கு ஸ்கோன் செய்வதால் நான் மலைக்காரியே இல்லை.

“தப்புன்னு விழுந்துடு” என்று என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

“துன்னது தப்பு மாமா, ஒத்துக்கறேன்” என்றேன் சத்தமாக. “கோவத்துல மறந்துட்டேன். அதுக்கு இன்னா சொன்னாலும் கேக்கறேன். ஆனா இங்கிலீஷ்காரன் ரொட்டின்னு சொல்லாதீங்க. சாம என் காட்டுது. நாரத்த என் கொல்லது. எந்த இங்கிலீஷ்காரன் வந்து எனக்குச் சுட்டுக் குடுத்தான்? அப்புறம் இன்னொண்ணு. நான் துன்னது ஒண்ணு. மூணு துன்ன வூடு ஒண்ணு கீது. பானைய நிறுத்தறதா இருந்தா அந்த வூட்லர்ந்து ஆரம்பிங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முனியம்மா அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். கவுண்டர் முகம் கறுத்துப் போயிற்று.

அப்போது பூசாரிப் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். எனக்குப் பங்காளி வகையில் பெரியப்பா முறை. வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன்.

“புதுசு எதுவா முதல்ல வாயில பட்டுச்சோ, அதையே அம்மனுக்கு வெக்கணும். எங்கப்பன் நாள்ல ஒருத்தன் களத்துல சாமய வறுத்துத் துன்னுட்டான். வறுத்த சாமயே வெச்சான். இவளும் அந்த ரொட்டியவே வெக்கட்டும். ஆனா வூட்ல சுட்டு எடுத்தாறக் கூடாது. கோயில்ல, எல்லாரும் பாக்க, அடுப்பு மூட்டிச் செய்யணும். நல்லபடியா வந்தா பானை வெக்கட்டும். வராட்டி அம்மனுக்கு இஷ்டமில்ல.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எங்கள் ஊரில் பூசாரி கொடுத்துவிட்டார், சாமிதான் பாக்கி.

மணல் சட்டி

கோயிலில் கரண்ட் ஏது, ஓவனுக்கு? பரணிலிருந்து மண் சட்டியை இறக்கினேன். நான் கேட்காமலே என் வீட்டுக்காரர் ஓடையிலிருந்து மணல் அள்ளிவந்து, மூன்று தரம் கழுவி, சலித்து, பாறையில் காயவைத்தார். அந்த மூன்று நாளும் அவர் என்னோடு பேசவில்லை. மணலில் ஒரு தூசி இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் வந்ததும் எல்லாப் பெண்களும் வரிசையாகக் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். என்னைக் கடைசியில், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார் கவுண்டர். உட்கார்ந்தேன். தை மாதக் குளிரில் வெண்ணெய் கல்லாக இருந்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குச் சாதகம். பிசிறினேன். நாரத்தையைத் துருவினேன். துளசியைக் கிள்ளினேன். மோர் ஊற்றி, தட்டி, டம்ளரால் வெட்டித் தகரத் தட்டில் அடுக்கி, மணல் மேல் வைத்து மூடினேன். மூடி மேல் தணல் அள்ளிப் போட்டேன்.

மற்றப் பெண்களின் பானை ஒவ்வொன்றாகப் பொங்கி வழிந்தது. ஒவ்வொன்றுக்கும் குலவை எழுந்தது. என் சட்டி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தால் சூடு போய்விடும், பார்க்காவிட்டால் உயிர் போய்விடும். சட்டிக்குப் பழக்கம் விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் பயந்தேன், அதை மறைக்க மாட்டேன். ஊர் முழுக்க என்னையே பார்த்தது.

முதலில் வாசனைதான் வந்தது. பொங்கல் புகையைத் தள்ளிக்கொண்டு நாரத்தை மணம் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து மூடியைத் தூக்கினேன்.

எழும்பியிருந்தன. இடுப்பில் வெடித்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, தட்டின் விளிம்பைத் தாண்டி நின்றன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடி கன்னங்கரேல் என்றிருந்தது.

“கருகிடுச்சு” என்றார் கவுண்டர், காத்திருந்த மாதிரி.

“உங்க வூட்டுப் பானைக்கு அடி கருகலியா மாமா? திருப்பிப் பாருங்க. பொங்கிச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

அப்போது முனியம்மா அக்கா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். ஒற்றைக் குலவை. புருஷன் திரும்பி முறைத்தார், அக்கா நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள், அப்புறம் வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. என் கண் எரிந்தது. புகையால்தான் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அடியைக் கத்தியால் சுரண்டித் தேக்கிலையில் வைத்தேன். பெரியப்பா அம்மனுக்குக் காட்டிவிட்டு, பிட்டுப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார். கவுண்டர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். பிறகு எந்தப் பக்கமும் பார்க்காமல் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். அதன் பிறகு என் பானையைத் தூக்கி வரிசை நடுவில் வைத்தேன்.

போர்டு

இதையெல்லாம் மேடம் வேப்பமரத்து ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னபடி வந்திருக்கிறார், வீடு பூட்டியிருக்கவே கோயிலுக்கு வந்துவிட்டார்.

“அம்மா! இது உங்க சாமிக்கே படைக்கிறதா? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல! இது உங்க சாப்பாடுதாம்மா, சந்தேகமே இல்ல. கடை கன்ஃபார்ம்.”

சொல்லிவிட்டார். எந்த வாய் இல்லை என்றதோ அந்த வாய்தான். ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“போர்டுல ‘காளியம்மன் சாமை ரொட்டி, ஆயிரம் வருஷப் பாரம்பரியம்’னு போட்டுடலாம்” என்றார் அடுத்து.

“ஆயிரம் வருஷம் இல்லீங்க மேடம். அம்மனுக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

“அது பரவால்லம்மா, யாரு கேக்கப் போறா?”

“ஸ்கோன்னு போடுங்க. சாமை, நாரத்தை, துளசி போட்டு அலமேலு செஞ்சதுன்னு போடுங்க.”

“அப்படிப் போட்டா பாரம்பரியத்துல வராதேம்மா.”

“அப்ப கடை வேணாங்க.”

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார் மேடம். “யோசிச்சுட்டேன்” என்றேன். ஒரு துண்டு ஸ்கோனை அவர் கையில் வைத்தேன். சாமி பிரசாதத்துக்குச் சண்டை கிடையாது.

பழையதாக இருந்தால்தான் எனக்குச் சொந்தமா? கீழே இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு புதுப் பண்டம் தின்னலாம், எந்தத் தேசத்து மாவையும் எந்த எண்ணெயிலும் போட்டு எடுக்கலாம், யாரும் பாட்டன் பெயர் கேட்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் பழசையே தின்றுகொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டுமா? களியும் என்னுடையதுதான். ஸ்கோனும் என்னுடையதுதான். பொய் சொல்லித்தான் அதை வாங்க வேண்டும் என்றால், ஏற்கெனவே என்னிடம் இருப்பதை நான் ஏன் வாங்க வேண்டும்?

கடை நெல்லிவாசல் பக்கத்து ஒரு குழுவுக்குப் போனது. களி போட்டார்களாம், நன்றாக ஓடியதாம். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். இரண்டு நாள் இருந்தது.

தீராத குற்றம்

அடுத்த வருஷம் சாமை நன்றாக விளைந்தது. மூட்டையை நான் அவிழ்க்கவே இல்லை. ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. தை பிறந்ததும் பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பூசாரிப் பெரியப்பா வாசலில் வந்து நின்றார்.

“சட்டி ரெடி பண்ணிட்டியாம்மா?”

“எந்தச் சட்டி பெரியப்பா?”

“மணல் சட்டி.”

எனக்குப் பழைய கோபம் ஏறியது. “இந்த வருஷம் நான் எதையும் வாயில வெக்கலியே! போன வருஷக் குத்தம் அன்னைக்கே தீந்துபோச்சு இல்ல?”

“தீந்துச்சுன்னு யாரு சொன்னா? நான் சொன்னனா?”

“அப்ப தீர இன்னும் எத்தினி வருஷம் ஆவும்?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

“அதெல்லாம் தீராது. அம்மனுக்குப் பழகிப்போச்சு.”